சீசன் பாதியில் ஸ்டார்ட்டர்களுக்கு மார்க் போடுவது எப்படி? 2019 வாஷிங்டன் நேஷனல்ஸை வைத்து ஒரு பதில்

கேள்வி: ஒரு பேஸ்பால் அணியின் ஸ்டார்ட்டர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்ச்சர்கள், எப்படி இருக்கிறார்கள் என்று சீசன் பாதியில் மதிப்பிட வேண்டுமானால் எதைப் பார்க்க வேண்டும்? அவர்கள் பெயரில் எழுதப்படும் வெற்றி தோல்விக் கணக்கும் ஈ.ஆர்.ஏ.வும் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற எண், குறைந்தால் நல்லது) போதாதா?

போதாது. வெற்றி தோல்விக் கணக்கை முதல் நாளே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். ஈ.ஆர்.ஏ.வை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பொதுவாகப் பேசினால் காற்றில் கத்தி சுற்றுவதுபோல் ஆகிவிடும் என்பதால் ஓர் அணியை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். 2019 வாஷிங்டன் நேஷனல்ஸ். வர்ஜீனியாப் பக்கம் இருப்பதால் எனக்கு உள்ளூர் அணி அதுதான். சார்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருட நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அணியின் நட்சத்திர மட்டையாளர் பிரைஸ் ஹார்ப்பர் 13 வருடம், 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். நேஷனல்ஸ் பணத்தைப் பந்துவீச்சில் போட்டது. இடக்கை பிட்ச்சர் பேட்ரிக் கார்பினுக்கு 6 வருடம், 14 கோடி. ஏற்கெனவே மேக்ஸ் ஷெர்சரும் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்கும் இருந்தார்கள். நான்காவதாக அனுபவஸ்தர் அனிபல் சாஞ்செஸ். காகிதத்தில் பார்த்தால் அமர்க்களமான வரிசை. ஆனால் மே 23 அன்று அணியின் கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. பிட்ச்சிங் கோச்சை மே மாதத் தொடக்கத்திலேயே மாற்றியாகிவிட்டது, மேனேஜர் டேவ் மார்ட்டினெஸும் போகட்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஜூலையில் ஆல்-ஸ்டார் இடைவேளை (நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்காக சீசன் நடுவில் விடும் ஓய்வு) வரும்போது 47-42. இடையில் ஆடிய 39 ஆட்டங்களில் 28 வெற்றி. ஆனாலும் தங்கள் பிரிவில் முதலிடத்தில் இருந்த அட்லாண்டாவுக்கு 6 ஆட்டம் பின்னால்.

இப்போது நீங்கள் அந்த இடைவேளையில் உட்கார்ந்து ஸ்டார்ட்டர்களுக்கு மார்க் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஷெர்சரிலிருந்து தொடங்குவோம். ஜூன் பிறக்கும்போது அவருடைய கணக்கு 2 வெற்றி, 5 தோல்வி. சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கியவர், வயது 34, 7 வருடம் 21 கோடி ஒப்பந்தத்தின் ஐந்தாவது வருடம். "முடிஞ்சது, வயசாயிடுச்சு" என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. ஆனால் மே 22 அன்று நியூயார்க்கில் மெட்ஸுக்கு எதிராக என்ன நடந்தது என்று பாருங்கள். ஷெர்சர் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 1-0 முன்னிலையில் பந்தைப் புல்பென்னிடம், அதாவது ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து வீசும் பிட்ச்சர்களிடம், கொடுத்துவிட்டுப் போனார். எட்டாவது இன்னிங்ஸில் புல்பென் ஆறு ரன் கொடுத்தது. ஆட்டம் போயிற்று, ஷெர்சர் பெயரில் வெற்றி இல்லை. ஸ்டார்ட்டர் பெயரில் வெற்றி எழுதப்பட வேண்டுமானால் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீச வேண்டும், முன்னிலையோடு வெளியேற வேண்டும், பிறகு வருகிறவர்கள் அந்த முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். இந்த மூன்றில் இரண்டாவதில் பாதிதான் அவர் கையில், மூன்றாவது சுத்தமாக இல்லை. இதை வைத்து ஒருவரை எப்படி எடைபோடுவது?

அந்த 2-5 காலத்திலும் அவர் ஸ்ட்ரைக்அவுட்கள் குறையவில்லை, வாக்குகள் கூடவில்லை. (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை அவுட்டாக்குவது ஸ்ட்ரைக்அவுட். நான்கு தவறான பந்து வீசி மட்டையாளரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவதுதான் வாக்.) சீசன் பாதியில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டின் இடைவெளியைத்தான். காரணம் எளிது. மட்டையில் பட்ட பந்து எங்கே போய் விழும் என்பதில் ஃபீல்டருக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மைதானத்துக்குள் விழும் பந்துகளில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று ஹிட் ஆகும், அதாவது மட்டையாளர் அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்வார். நாற்பது ஐம்பது இன்னிங்ஸில் அது மூன்றரையாகவோ இரண்டரையாகவோ இருந்தால் ஈ.ஆர்.ஏ. தாறுமாறாக மாறிவிடும், பிட்ச்சர் அதே ஆளாகத்தான் இருப்பார். ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் மட்டும் மற்றவர்கள் கை படாமல் பிட்ச்சருக்கும் மட்டையாளருக்கும் இடையிலேயே முடிகிற கணக்கு. ஹோம் ரன்னையும் (மைதானத்துக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) சேர்த்துக்கொண்டு எஃப்.ஐ.பி. என்றொரு எண் போடுகிறார்கள். அது ஈ.ஆர்.ஏ.வை விட நிறைய குறைவாக இருந்தால், இவருக்கு இனி நல்ல காலம் என்று பெரும்பாலும் பந்தயமே கட்டலாம்.

அப்புறம் ஜூன் வந்தது. ஷெர்சர் அந்த மாதம் 6-0. 45 இன்னிங்ஸ், 68 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. சரியாக 1.00. நடுவில் ஒரு கூத்து. ஜூன் 18 அன்று பயிற்சியில் பன்ட் அடிக்கப் போய் (பந்தை மெதுவாகத் தட்டிவிடுவதுதான் பன்ட்), பந்து எகிறி மூக்கை உடைத்தது. மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போன முகத்தோடு வந்து பிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ், 10 ஸ்ட்ரைக்அவுட், ரன் கிடையாது. ஏற்கெனவே ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. அந்த முகத்தை 60 அடி தூரத்தில் பார்த்த மட்டையாளர்கள் பாவம். இடைவேளையில் அவர் கணக்கு 9-5. மேயில் இருந்த ஷெர்சர்தான் ஜூலையிலும். மாறியது மற்றதெல்லாம்.

ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானவர் முதுகு வலியால் அங்கே வீசவில்லை. எண்களை மட்டும் பார்த்து மார்க் போட்டால் நூற்றுக்கு நூறு. ஆனால் சீசன் பாதி மார்க் என்பது இதுவரை ஆடியதற்கான பரிசு இல்லை. மீதி பாதியில் இவரிடமிருந்து எத்தனை இன்னிங்ஸ் கிடைக்கும் என்ற கணிப்புதான் அது. ஷெர்சர் விஷயத்தில் விடை: நாம் ஆசைப்பட்டதைவிடக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் பெரும்பகுதி காயப் பட்டியலில் இருந்தார். சீசன் முழுக்க 172 இன்னிங்ஸ்தான் தேறியது.

ஸ்ட்ராஸ்பர்க் கதை இதற்கு நேர் எதிர். இடைவேளையில் 10 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 3.6-ஐ ஒட்டி. "பரவாயில்லை" என்றுதான் பலர் சொன்னார்கள். ஆனால் 2019-இல் பந்து ராக்கெட் மாதிரிப் பறந்தது. அந்த வருடம் மேஜர் லீக்கில் மொத்தம் 6,776 ஹோம் ரன், அதுவரை இல்லாத எண்ணிக்கை. லீக் சராசரி ஈ.ஆர்.ஏ. 4.50 பக்கம். அப்படிப்பட்ட வருடத்தில் 3.6 என்பது ஏழெட்டு வருடம் முந்தைய 3.2 போல. எந்த வருடம், எந்த மைதானம் என்று சேர்க்காமல் ஈ.ஆர்.ஏ.வைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

அதைவிட முக்கியமாக, ஸ்ட்ராஸ்பர்க் தவறாமல் தன் முறைக்கு வந்து வீசிக்கொண்டே இருந்தார். இந்த மனிதருக்கு அது பெரிய விஷயம். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2009 டிராஃப்ட்டில் முதல் தேர்வு, 2010-இல் முழங்கை அறுவை சிகிச்சை. 2012-இல் அணி 98 ஆட்டம் ஜெயித்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தபோது, கையைக் காப்பாற்ற வேண்டும் என்று செப்டம்பரில் அவரை நிறுத்தி வைத்தார்கள். 159 இன்னிங்ஸ் சொச்சத்தோடு சரி. அவர் இல்லாமல் பிளே ஆஃபில், அதாவது சீசன் முடிந்து கோப்பைக்காக அக்டோபரில் நடக்கும் ஆட்டங்களில், முதல் சுற்றிலேயே தோற்றார்கள். அந்த முடிவைப் பற்றி இங்கே இன்னும் சண்டை போடுவார்கள். நான் அணி நிர்வாகத்தின் பக்கம், ஆனால் அது வேறு பதில்.

2019-இல் அவர் வீசும் விதமும் மாறியிருந்தது. பழைய வேகம் இல்லை. அதை ஈடுகட்ட, வளைந்து இறங்கும் கர்வ்பாலை முன்னைவிட அதிகம் போட்டார். வேகம் குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா என்று கேட்டால், வேகம் குறைந்தும் ஸ்ட்ரைக்அவுட் குறையாதிருந்தால் பயப்பட வேண்டாம். ஆள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். இடைவேளைக்கு அப்புறம் ஜூலையில் மாதத்தின் சிறந்த பிட்ச்சர் விருது இவருக்கு. அதே ஜூலையில் அட்லாண்டாவில் ஒரே இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன், இன்னொரு ஹிட், அந்த ஆட்டத்தில் மொத்தம் ஐந்து ரன் என்று மட்டையாலும் வெளுத்தார். பிட்ச்சர்கள் மட்டை பிடித்த காலம் அது, இப்போது அந்த அழகெல்லாம் போயிற்று. கடைசியில் 209 இன்னிங்ஸ், நேஷனல் லீக்கிலேயே அதிகம், 18-6.

கார்பினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் விலகி இறங்கும் ஸ்லைடர் என்ற பந்து நன்றாக விழுந்தால் யாராலும் தொட முடியாது, விழாத அன்று அடி வாங்குவார். 19-31 ஆன இரண்டாம் நாள் மயாமிக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி ஒரு ரன்கூட விடவில்லை. அடுத்த சில ஆட்டங்களில் சின்னாபின்னமானார். பிறகு சரியானார். ஜூலை 1 அன்று அவருடைய நெருங்கிய நண்பரும் பழைய அணித்தோழருமான டைலர் ஸ்காக்ஸ் இறந்துபோனார். மறுநாள் நண்பரின் 45-ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு வந்து ஏழு இன்னிங்ஸ் வீசினார். இதற்கெல்லாம் எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது.

சாஞ்செஸ் முதலில் 0-6, ஈ.ஆர்.ஏ. ஐந்துக்கு மேல். மே நடுவில் தொடைத் தசை இழுத்துக்கொண்டு காயப் பட்டியலுக்குப் போனார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார், சீசனை 11-8 என்று முடித்தார். அதாவது காயத்துக்குப் பிறகு 11-2. இப்படிப்பட்டவருக்கு சீசன் பாதி சராசரியைப் பார்த்தால் நல்ல பாதியும் கெட்ட பாதியும் கலந்து ஒன்றுமே புரியாது. காயத்துக்கு முன், பின் என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அவரிடம் வேகம் கிடையாது. மணிக்கு 70 மைல்கூட வராத ஒரு மெதுவான பந்து வைத்திருந்தார், பட்டாம்பூச்சி மாதிரி மிதந்து வரும். மட்டையாளர் சுற்றி முடித்துவிட்டு நிற்பார், பந்து அப்புறம்தான் வந்து சேரும். டி.வி.யில் பார்க்க அவ்வளவு சுகம்.

ஐந்தாவது இடம்? ஜெரமி ஹெலிக்சன் தோள்பட்டைக் காயத்தோடு போனவர் திரும்பவே இல்லை. எரிக் ஃபெடி, ஆஸ்டின் வோத், ஜோ ராஸ் என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ரசிகர்கள் ஜூலையில் அதிகம் கவலைப்பட்டது இந்த ஐந்தாவது ஆளைப் பற்றித்தான். எனக்கு அது புரிந்ததே இல்லை. பிளே ஆஃபில் நடுநடுவே ஓய்வு நாள் வரும், ஐந்தாவது ஸ்டார்ட்டருக்கு வேலையே இல்லை. அக்டோபருக்குள் நுழைய முடிகிற அணி என்றால் முதல் மூவரைப் பாருங்கள், தாராளமாக நான்காமவரையும் பாருங்கள். நுழையவே கஷ்டப்படுகிற அணி என்றால்தான் ஐந்தாம் இடம் பெரிய ஓட்டை.

இதையெல்லாம்விட முக்கியம் புல்பென். ஸ்டார்ட்டர்களைத் தனியாக மதிப்பிடவே முடியாது என்பதுதான் என் கட்சி. 2019 நேஷனல்ஸ் புல்பென்னின் ஈ.ஆர்.ஏ. சீசன் முழுக்க 5.66. இது ஸ்டார்ட்டரின் எண்களை இரண்டு வழியில் கெடுக்கும். ஸ்டார்ட்டர் பேஸில் ஆளை விட்டுவிட்டு வெளியேறினால், அடுத்து வருகிறவர் அந்த ஆளை ஓட விட்டாலும் ரன் ஸ்டார்ட்டர் கணக்கில்தான் ஏறும். இரண்டாவது, புல்பென்னை நம்ப முடியாத மேனேஜர் களைத்துப்போன ஸ்டார்ட்டரையே ஏழாவது இன்னிங்ஸுக்கும் அனுப்புவார். ஒரே மட்டையாளர்கள் மூன்றாவது முறையாக அதே பிட்ச்சரைப் பார்க்கும்போது நன்றாக அடிப்பார்கள், இது லீக் முழுக்க எல்லாருக்கும் நடக்கிறது. ஆக, மார்ட்டினெஸின் ஸ்டார்ட்டர்கள் வாங்கிய ரன்களில் ஒரு பங்கு, நல்ல புல்பென் இருந்திருந்தால் அவர்கள் வீசவே தேவையில்லாத பந்துகளில் வந்தது.

பொது மேலாளர் மைக் ரிஸோ இதைப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். மற்ற அணிகளிடமிருந்து வீரர்களை வாங்குவதற்கான ஜூலை 31 கெடு நாளில் ஸ்டார்ட்டர் யாரையும் வாங்கவில்லை. டேனியல் ஹட்சன், ரோனிஸ் எலியாஸ், ஹன்டர் ஸ்ட்ரிக்லாண்ட் என்று மூன்று ரிலீவர்களை, அதாவது புல்பென் பிட்ச்சர்களை, வாங்கினார். மூவரில் ஹட்சன் ஒருவர்தான் பெரிதாக உதவினார், அதுவே போதுமானதாக இருந்தது.

அக்டோபரில் மார்ட்டினெஸ் செய்தது இன்னும் துணிச்சல். புல்பென்னை நம்பாமல் ஸ்டார்ட்டர்களையே ரிலீவர்களாக்கினார். மில்வாக்கிக்கு எதிரான வைல்ட் கார்டு ஆட்டத்தில் (தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டம்) ஷெர்சர் ஐந்து இன்னிங்ஸ், பின்னாலேயே ஸ்ட்ராஸ்பர்க் மூன்று இன்னிங்ஸ், கடைசியில் ஹட்சன். ஜெயித்தார்கள். இந்த வித்தை எப்போதும் பலிக்கவில்லை. டாட்ஜர்ஸுக்கு எதிராக கார்பின் நடுவில் வந்து ஒரே இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தார். அதே கார்பின்தான் ஹூஸ்டனில், இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நடுவில் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் இல்லாமல் வீசி, வெற்றி தன் பெயரில் எழுதப்படச் செய்தார். பட்டாம்பூச்சி சாஞ்செஸ் செயின்ட் லூயிஸுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகும்வரை ஒரு ஹிட்கூட விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் அந்த பிளே ஆஃபில் 5-0, உலகத் தொடரின் சிறந்த வீரரும் அவர்தான்.

ஆகவே உங்கள் அணிக்கு மார்க் போடும்போது நான் பார்க்கும் வரிசை இது: ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் வாக்குக்கும் உள்ள இடைவெளி, ஆட்டத்துக்கு எத்தனை இன்னிங்ஸ் வீசுகிறார், உடம்பு எப்படி இருக்கிறது, அவருக்குப் பின்னால் வருவது யார். ஈ.ஆர்.ஏ. அதற்கப்புறம். வெற்றி தோல்வி, வீட்டில் யாராவது கேட்டால் சொல்ல.

இன்னொன்று. இந்த மார்க் அந்த சீசனுக்கு மட்டும்தான் செல்லும். 2019 முடிந்ததும் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 7 வருடம், 24.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் மொத்தம் எட்டே ஆட்டங்களில்தான் வீசினார், 2022-க்குப் பின் ஒன்றுகூட இல்லை. கார்பின் 2022-இல் 6-19. சரி, தோல்விக் கணக்கைப் பார்க்காதே என்று நான்தானே சொன்னேன் என்பீர்கள். அந்த வருடம் அவர் ஈ.ஆர்.ஏ. 6.31.