நாணில் அம்பு எவ்வளவு இறுக்கமாக நிற்க வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. 25 பவுண்டு இழுவிசையுள்ள மரவில்லில் பழகுகிறான். புது நாண் மாட்டியதிலிருந்து, இழுக்கும்போதே அம்பு நழுவி விழுகிறது. அம்பின் வாலில் நாண் மாட்டும் பிளாஸ்டிக் பிளவைக் குறடால் நெருக்கிவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: குறடு வேண்டாம், அம்மா. நெருக்கிய பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். எய்யும் நொடியில் அது உடைந்தால் நாண் வெறுமனே பாயும். அம்போடு போக வேண்டிய விசை வில்லின் கைகளுக்கே திரும்பி, மரம் பிளந்துவிடலாம். நாணிலிருந்து அம்பு நழுவியதைக் கவனிக்காமல் இழுத்த நாணை விட்டாலும் இதே கதிதான். ஆகவே சரிசெய்யும்வரை அந்த நாணில் எய்ய வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

முதலில் சோதித்துப் பாருங்கள். நாண் பூட்டிய வில்லை, நாண் கிடைமட்டமாக இருக்கும்படி பிடித்து, அம்பை அதில் மாட்டி முனை தரையைப் பார்க்கத் தொங்கவிடுங்கள். அம்பு தன் எடையைத் தாங்கி நிற்க வேண்டும். பக்கத்தில் நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழுந்துவிட வேண்டும். அவ்வளவுதான் தேவையான பிடி. உங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அம்பை ஆட்டிவிடும். வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். எல்லா அம்புகளையும் பாருங்கள், ஒன்றிரண்டில் பிளவு வேறு அளவாக இருப்பது சகஜம்.

எல்லா அம்பும் தானாக விழுந்தால் குறை நாணில்தான். பழைய நாணில் 14 இழை இருந்து புதியதில் 10 அல்லது 12 இருந்தால் தடிமன் குறைந்துவிடும். நாணின் நடுவில் சுற்றியிருக்கும் காப்பு நூலைப் பிரித்து, தடித்த நூலால் மறுபடி சுற்றச் சொல்லுங்கள். 0.021 அங்குல நூலுக்குப் பதில் 0.024 போட்டால், இரு பக்கமும் சேர்ந்து நாண் 0.006 அங்குலம் பருக்கும். கிட்டத்தட்ட 0.15 மில்லிமீட்டர். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். மாட்டும்போது விரலுக்கு நன்றாகவே தெரியும். தடித்த நூல் கிடைக்காவிட்டால், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை முதலில் ஒரு சுற்று சுற்றி அதன்மேல் பழைய அளவு நூலையே சுற்றலாம்.

அளவுக்கு மீறி இறுக்கிவிடவும் கூடாது. 25 பவுண்டு வில்லுக்கு விசை குறைவு. பிடித்து வைத்திருக்கும் நாணிலிருந்து பிரியும்போது அம்பு தடுமாறும். குட்டை வில் என்றால் இன்னும் கவனம் தேவை. முழுதாக இழுக்கையில் நாண் கூர்மையாக மடிந்து பிளவை நெரிக்கும். அதற்குச் சற்றுத் தளர்ந்த பக்கமாகவே விடுவேன், தொங்கவிட்டால் அம்பு நிற்கிறது என்ற எல்லைக்குள்.

கேள்வி: மூங்கில் அம்பில் நாமே பிளவு வெட்டலாமா?
– ஒரு வாசகர், அகளி

பதில்: தாராளமாக வெட்டலாம். பிளவின் அடி, கணுவுக்குச் சற்று மேலே நிற்கட்டும். மூங்கில் அதைத் தாண்டி எளிதில் கிழியாது. கீழே நூல் சுற்றிப் பசை தடவுங்கள். உள்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறி மூங்கில் பருக்கும். ஜூனில் மறுபடி பாருங்கள்.