சென்னை கவர்னரின் பாட்டி யார் வீட்டுப் பெண்? – வாசகர் கேள்விகள்

கேள்வி: புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் பாட்டியை ஓரிடத்தில் ஆன் லாயிட் என்கிறார்கள், வேறிடங்களில் ஆன் யேல், ஆன் ஈட்டன். மூன்று பேரா?

பதில்: ஒருவரேதான். செஸ்டர் ஆயர் ஜார்ஜ் லாயிடின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல் 1619இல் இறந்தபின் வணிகர் தியோஃபிலஸ் ஈட்டனை மணந்தார். 1637இல் குடும்பமே இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பலேறியது. பிறகு ஈட்டன் அங்குள்ள நியூஹேவன் குடியேற்றத்தின் கவர்னரானார். ஆனுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பிள்ளை டேவிட் யேலும் கூடவே போனார். அவர் மகன் எலிஹு பாஸ்டனில் 1649இல் பிறந்தவர். கல்யாணத்துக்குக் கல்யாணம் பெண்ணின் பெயர் மாறும் சமூகத்தில், பிறந்த வீட்டுப் பெயர் கிடைக்கும்வரை வம்சாவளியில் ஒரு படிகூட ஏற முடியாது.

கேள்வி: அந்தக் காலப் பெண்களைப் பற்றி எழுத்துச் சான்று எங்கே கிடைக்கும்?

பதில்: முதலில் அப்பாவின் உயில். "இன்னாரின் மனைவியான என் மகள்" என்று ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1858 வரை உயில்களைப் பதிவுசெய்த கான்டர்பரி திருச்சபை நீதிமன்றத்தின் உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உயிலில் 'சன்-இன்-லா' என்று கண்டதும் மருமகன் என்று முடிவுகட்டாதீர்கள். அன்று அது மனைவிக்கு முந்தைய கணவர் மூலம் பிறந்த மகனையும் குறித்தது. பலர் சறுக்கி விழுவது இங்கேதான்.

அடுத்தது வழக்குகள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவதை ஆன் ஏற்கவில்லை. திருச்சபை விசாரித்து 1645இல் அவரை விலக்கியது. மாமியாரைக் கன்னத்தில் அறைந்தார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று! ஆனால் அந்த விசாரணை ஏட்டால்தான் அவர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது. வம்பில் மாட்டாத பெண்கள் ஏட்டில் ஏறுவது அபூர்வம்.

கேள்வி: ஈட்டன் இறந்தது 1657 ஜனவரியா, 1658 ஜனவரியா?

பதில்: இரண்டும் சரி. 1752 வரை ஆங்கிலேயருக்கு மார்ச் 25தான் புத்தாண்டு. இன்றைய கணக்கில் 1658. குறிப்பெடுக்கும்போது 1657/58 என்றே எழுதுங்கள்.

கேள்வி: ஆன் வேல்ஸ் அரச வம்சமாமே?

பதில்: யேல் குடும்பத்தின் பூர்வீகப் பெருமையை மருமகள் தலையில் ஏற்றிவிடக் கூடாது. வேல்ஸில் உள்ள இயால் என்ற பகுதியிலிருந்து வந்த பெயர் அது. ஆனுக்கு அது புகுந்த வீடு. அவர் முன்னோரை லாயிட் வழியில்தான் தேட வேண்டும்.

கேள்வி: சென்னையில் இந்தக் குடும்பத்தின் தடயம் ஏதும் உண்டா?

பதில்: உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். எலிஹுவின் சிறு வயது மகன் டேவிட்டின் கல்லறை அங்கே இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். அதே கல்லறையில் ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரும் இருக்கிறார். யேலுக்கும் அவருக்கும் ரத்த உறவு கிடையாது. பையனின் தாய் கேத்தரினுக்கு அவர் முதல் கணவர்.