முன்வரிசையை விற்பவர்கள்: டிராஃப்ட் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை 32 அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். அதுதான் டிராஃப்ட். ஏழு சுற்றுகள், போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு வரிசையில் முதல் இடம். வரிசையில் தன் இடத்தைப் பிற அணிக்குக் கொடுத்துவிட்டுப் பின்னுக்குப் போகும் பேரத்தைப் பற்றித்தான் இன்று பேச்சு. கேட்பதற்கு முன் ஒன்று: பேரத்தை அது நடந்த நாளில் கைமாறிய இடங்களை வைத்து எடைபோடுங்கள். பின்னால் அந்த இடங்களில் யார் வந்தார்கள் என்பது வேறு கணக்கு. இதை இன்று பத்து முறையாவது சொல்ல வேண்டிவரும்.

மதுரை வாசகர்: பந்திக்கு முந்து என்பார்கள். இவர்கள் ஏன் பிந்துகிறார்கள், ஐயா?

பந்தியில் என்ன சமைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் முந்தலாம். இங்கே எல்லாப் பாத்திரமும் மூடியிருக்கிறது. கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய டிராஃப்ட்களைத் தோண்டிப் பார்த்தார்கள். தேலர், 2017இல் பொருளாதார நோபல் பெற்ற அதே தேலர்தான். ஒரே ஆட்டநிலையில் முந்தி எடுக்கப்பட்டவர் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக அமைந்தது 100க்கு 52 தடவைதான். நாணயத்தைச் சுண்டினால் 50. அந்த இரண்டுக்காக மேலே போகும் அணி இன்னும் இரண்டு மூன்று இளைஞர்களை எடுக்கும் வாய்ப்பைக் கூலியாகக் கொடுக்கிறது. கொடுப்பவன் இருக்கும்போது வாங்கிக்கொள்பவன் புத்திசாலி.

சென்னை வாசகி: பத்தாவது இடத்துக்கு இத்தனை, முப்பதாவதுக்கு இத்தனை என்று விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

நல்ல கேள்வி. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது, அணியின் பங்குதாரர்களில் ஒருவரும் பொறியாளருமான மைக் மெக்காய் ஒரு புள்ளிப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். முதல் இடம் 3000, இரண்டாவது 2600, பத்தாவது 1300, பதினாறாவது 1000, முதல் சுற்றின் கடைசியான 32ஆவது 590. காலப்போக்கில் லீக் முழுவதும் அதை வைத்தே பேரம் பேசியது.

2013இல் நியூ இங்கிலாந்து அணி 29ஆவது இடத்தை மின்னசோட்டாவுக்குக் கொடுத்தது. பட்டியலில் அது 640. பதிலுக்கு வாங்கியது 52, 83, 102, 229ஆவது இடங்கள். முதல் மூன்றுக்கு மட்டும் 380, 175, 92, கூட்டினால் 647. கடைக்காரர் தராசு பிடித்தாற்போல இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தத் தராசே கோணல் என்பதுதான் மேசி, தேலர் சொன்ன செய்தி. மேல் இடங்களுக்குப் பட்டியல் தரும் விலை மிக அதிகம். சமமாக விற்றாலும் விற்றவருக்கு லாபம்.

52இல் ஜேமி காலின்ஸ், 83இல் லோகன் ரயன் வந்தார்கள். அடுத்த பருவத்தில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணியில் இருவரும் இருந்தார்கள். ஆனால் பேரம் நல்லது என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டாதீர்கள். முதல் பத்தியைப் பாருங்கள்.

திருச்சி வாசகர்: மெஸ்ஸி எந்தச் சுற்றில் எடுக்கப்பட்டார்?

இது முட்டை வடிவப் பந்து, தம்பி. உருண்டைப் பந்துக்காரர்களிடம் கேளுங்கள்.

கோவை வாசகர்: ஐ.பி.எல். ஏலத்திலும் இப்படிச் செய்யலாமா?

அங்கே பணம் பேசுகிறது, வரிசையே கிடையாது. இல்லாத வரிசையை எப்படி விற்பது?

ஸ்கார்பரோ வாசகர்: அண்ணா, நான் பஃபலோ ரசிகன். 2017இல் பத்தாவது இடத்தைக் கன்சாஸ் சிட்டிக்கு விற்றோம். அங்கே அவர்கள் எடுத்தது பின்னாளில் பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பாட்ரிக் மஹோம்ஸை. இதையும் நல்ல பேரம் என்பீர்களா?

என்பேன். வாங்கியவை 27, 91ஆவது இடங்களும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வும். பத்தாவதுக்கு 1300 புள்ளி. 27க்கும் 91க்கும் சேர்த்து 816. மிச்சத்தை அடுத்த ஆண்டுத் தேர்வு ஈடுகட்டிவிடும். 27இல் வந்த ட்ரெடேவியஸ் வைட் சிறந்த தற்காப்பு வீரர். அன்று மஹோம்ஸ் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் ஒன்பது அணிகள் அவரை விட்டிருக்குமா? சிகாகோ மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறி, ஏறியதற்குக் கூலியும் கொடுத்து, மஹோம்ஸின் உயரத்தை எட்டாத குவார்ட்டர்பேக் மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது அதே ஆண்டுதான்.

அட்லாண்டா வாசகர்: நான் குறுக்கிடுகிறேன். பஃபலோவுக்குத் தேவைப்பட்டதே குவார்ட்டர்பேக்தான். தாகத்தோடு இருப்பவன் கிணற்றை விற்றுவிட்டு நல்ல விலை என்று சொல்வதா?

இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. தடுப்பு வீரரோ ஓட்டக்காரரோ என்றால் என் கட்சி அசையாது. குவார்ட்டர்பேக் என்றால் அசைகிறது. அந்த ஒருவர் அமைந்தால் பதினைந்து ஆண்டுக் கவலை தீரும். புள்ளிப் பட்டியலில் அதற்குத் தனிப் பத்தி இல்லை. பஃபலோவும் அதை உணர்ந்தது: மறு ஆண்டு ஏணி வைத்து ஏறி, ஏழாவது இடத்தில் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலனைப் பிடித்தது.

ஸ்கார்பரோ வாசகர்: பிடித்து என்ன பயன்? பிளேஆஃபில், அதாவது பருவ முடிவின் நாக்அவுட் சுற்றில், மஹோம்ஸிடம் நான்கு முறை தோற்றோமே!

2020, 2021, 2023, 2024 பருவங்கள். எனக்கும் எண்ணத் தெரியும். ஆனால் ஆலன் இல்லாமல் அந்த நான்கு ஆட்டங்களுக்கே போயிருக்க மாட்டீர்கள். இன்னொரு வேடிக்கை: கன்சாஸ் சிட்டி கொடுத்த அந்த 2018 தேர்வு 22ஆவது இடமாக அமைந்தது. அதையும் 65ஆவதையும் கொடுத்து பஃபலோ பால்டிமோரின் 16ஆவது இடத்துக்கு ஏறியது. 22இல் வந்து நின்ற பால்டிமோர் மறுபடி டென்னசியிடம் 25க்கு இறங்கி, 125ஆவது இடத்தையும் வாங்கிக்கொண்டது. அன்றிரவே அந்த 125ஐயும் வேறு இரண்டு தேர்வுகளையும் பிலடெல்ஃபியாவிடம் கொடுத்து 32க்கு ஏறி குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனை எடுத்தது. இரண்டு முறை இறங்கிச் சேர்த்த சில்லறையில் ஒரு முறை ஏறினார்கள். இறங்குவது பிடிவாதமாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட அழகான இரவு எனக்குத் தெரியாது.

நெல்லை வாசகர்: மஹோம்ஸை விட்டது தவறுதானே?

மேலே படியுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: ஐந்தாம் ஆண்டு ஒப்பந்தம் என்கிறார்களே?

முதல் சுற்றில் எடுத்தவரை மட்டும் ஐந்தாம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. 32ஆவது இடத்தைக் கீழேயிருந்து ஏறி வந்து வாங்குகிறார்களே, காரணம் அதுதான்.

ஈரோடு வாசகி: பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்துவிட்டால்?

முடிந்திருக்கிறது! 2003இல் ஏழாவது இடத்தில் மின்னசோட்டா பால்டிமோரோடு பேசிப் பேசிக் கடிகாரத்தைக் கோட்டைவிட்டது. ஜாக்சன்வில்லும் கரோலினாவும் ஓடிப்போய்த் தங்கள் ஆட்களை எடுத்துக்கொண்டன. கூலி எதுவும் வாங்காமல் மின்னசோட்டா ஒன்பதுக்கு இறங்கிவிட்டது. அங்கே எடுத்த கெவின் வில்லியம்ஸ் ஐந்து முறை ஆல்-ப்ரோ எனும் ஆண்டின் சிறந்த வீரர் பட்டியலின் முதல் அணியில் இடம்பெற்றார். இது பேரத்துக்கு உதாரணம் ஆகாது, அதிர்ஷ்டத்துக்கு ஆகும்.

தஞ்சை வாசகர்: மஹோம்ஸ்...

வேண்டாம்.

சேலம் வாசகர்: இறங்கியும் கெட்டவர்கள் உண்டா?

2012இல் செயின்ட் லூயிஸ் இரண்டாவது இடத்தை வாஷிங்டனுக்கு விற்று, மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் வாங்கியது. 2014இல் வாஷிங்டனோடு மோதியபோது, அந்தப் பேரத்தாலும் அதைத் தொடர்ந்த பேரங்களாலும் வந்த ஆறு பேரை நாணயம் சுண்ட அனுப்பிக் கேலி செய்து, 24-0 என்று வென்றும் காட்டியது. ஆனால் 2012 முதல் 2015 வரை நான்கு பருவங்களில் ஒன்றில்கூடத் தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமில்லை.

அதற்கு முன்பே கிளீவ்லாந்து. 2011இல் ஆறாவது இடத்தை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அட்லாண்டா ஜூலியோ ஜோன்ஸை எடுத்தது. கிளீவ்லாந்துக்கு ஐந்து தேர்வுகள், அவற்றில் இரண்டு முதல் சுற்று. பேரம் பொன். மறு ஆண்டு வந்த 22ஆவது இடத்தில் 28 வயது பிராண்டன் வீடனை எடுத்தார்கள். இருபத்தெட்டு! பேஸ்பால் ஆடிவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்த மனிதர். 2016இல் மறுபடி இரண்டாவது இடத்தை விற்றார்கள். எட்டாவது கிடைத்தது, அதையும் விற்றுப் பதினைந்துக்குப் போனார்கள். அந்தப் பருவம் ஒரு வெற்றி, பதினைந்து தோல்வி. அடுத்த பருவம் பதினாறும் தோல்வி.

அட்லாண்டா வாசகர்: இவ்வளவு சூடாகச் சொல்கிறீர்களே, உங்கள் அணி எது?

கிளீவ்லாந்து. இன்றைக்கு இத்தோடு போதும்.