குறைஞ்ச துணியை வச்சே ஆபீஸ், கோவில், கல்யாணம்னு எல்லா இடத்துக்கும் சமாளிக்க முடியுமா? எப்படி?

தாராளமா முடியும். நான் பல வருஷமா அப்படித்தான் இருக்கேன். கேட்டவங்க சென்னைல பிஜில (பேயிங் கெஸ்ட் விடுதில) தங்கி வேலைக்குப் போறாங்க, ஒத்தைக் கதவு பீரோதான் இருக்கு, மாசாமாசம் ஏதாவது விசேஷம் வந்துடுது, பீரோ ரொம்பி வழியுது ஆனா போட ஒண்ணுமில்லாத மாதிரியே இருக்குன்னு எழுதியிருக்காங்க. அதை மனசுல வச்சே சொல்றேன், ஆம்பளைங்க டிரெஸ் பத்தி வேற யாராவது எழுதுங்க.

இதுக்கு யூட்யூப்ல தேடினா வர்ற லிஸ்ட் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், வெள்ளை சட்டை, நீல ஜீன்ஸ், கருப்பு பிளேசர், ஒரு கோட்டு, அதெல்லாம் குளிர் ஊர்ல ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கறவங்களுக்கு சரியா வரும். மே மாசம் வேளச்சேரில பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணுக்கு பிளேசர் எதுக்குங்க? அவங்களுக்கு காத்து போற குர்தி வேணும், வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போக ஒண்ணு வேணும், முகூர்த்தத்துக்குப் பட்டு வேணும், திடீர்னு துக்க வீட்டுக்குப் போகணும்னா அதுக்கு சாதாரணமா ஒண்ணு வேணும். அதனால நம்ம துணியை வச்சுத்தான் யோசிக்கணும்.

நான் பார்த்த வரைக்கும் நம்ம பீரோவை அடைக்கிறது மேட்சிங் பழக்கம். ஊருக்கு ஊர் மேட்சிங் சென்டர்னு தனிக் கடையே இருக்கு பாருங்க, ஒவ்வொரு புடவையையும் தூக்கிட்டுப் போய் அதே ஷேடுல பிளவுஸ் பிட், அதே ஷேடுல இன்ஸ்கர்ட், அதே ஷேடுல ஃபால்ஸ் வாங்கிட்டு வருவோம். சுடிதாரும் அப்படித்தான், டாப் பேண்ட் ஷால் மூணும் ஒரே செட்டா வாங்குவோம். செட்டா வாங்கினா என்ன ஆகும்னா டாப்தான் அதிகம் வேர்வை பட்டு அதிகம் துவைச்சு முதல்ல வெளுத்துப் போகும், அதோட அந்த பேண்டும் ஷாலும் நல்லா இருந்தாலும் போட முடியாம உள்ளயே கிடக்கும், ஏன்னா அதுங்களுக்கு வேற ஜோடி கிடையாது. பத்து செட் வாங்கினா பத்து டிரெஸ்தான். அதுவே ஆறு டாப், மூணு பாட்டம் தனித்தனியா யோசிச்சு வாங்கினா கணக்குப்படி பதினெட்டு ஜோடி வரும், அதுல சிலது கண்ணுக்கு ஒத்து வராதுன்னு தள்ளினாக்கூட பன்னெண்டு பதிமூணு நிக்கும், ஒன்பது துணிலயே.

அதனால முதல்ல பாட்டம்ல இருந்து ஆரம்பிங்க, டாப்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. கடைல கண்ணு டாப் பக்கம்தான் போகும், ஆனா எல்லாத்தையும் தாங்குறது கீழ போடறதுதான். நேவி புளூ ஒண்ணு, மெரூன் ஒண்ணு, சந்தனக் கலர் ஒண்ணு, இந்த மூணுக்குள்ள நம்ம ஊர்ல விக்கிற முக்கால்வாசி பிரிண்ட் அடங்கிடும். கருப்பு வேணுமான்னா வச்சுக்கலாம், ஆனா காட்டன் கருப்பு நாலஞ்சு மாசத்துல சாம்பல் ஆகிடும், வேர்வை உப்பு வெள்ளை வெள்ளையா அப்படியே தெரியும், நேவி அளவுக்கு உழைக்காது. சுத்த வெள்ளை வாங்காதீங்கன்னு சொல்வேன், போர் தண்ணில உப்பு அதிகமா இருக்கிற ஏரியால எவ்வளவு நீலம் போட்டாலும் வெள்ளை பழுப்பேறிடும், சந்தனக் கலர் அதே வேலையைச் செய்யும் பழுப்பும் தெரியாது. லெக்கின்ஸா இருந்தா லேபிள்ல காட்டன் 95 ஸ்பான்டெக்ஸ் 5ன்னு இருக்கான்னு பாருங்க, உள்ள கையை விட்டு விரிச்சுப் பாருங்க, விரல் தெரிஞ்சா வச்சுட்டு வந்துடுங்க. துவைச்சதும் சுள்ளுன்னு வெயில்ல காயப் போட்டா அந்த எலாஸ்டிக் சீக்கிரம் செத்துடும், முட்டிகிட்ட தொளதொளன்னு ஆகும், நிழல்ல போடுங்க. நான் லெக்கின்ஸை குறைச்சுட்டு பாக்கெட் வச்ச காட்டன் ஸ்ட்ரெயிட் பேண்டுக்கு மாறிட்டேன், இந்த வேக்காட்டுக்கு அதுதான் நிம்மதி.

ஷால் ரெண்டு மூணு போதும். ஒரே கலர் ஷால் வாங்குறதை விட நாலஞ்சு கலர் கலந்த ஷால் ஒண்ணு வாங்குங்க, கலம்காரி பிரிண்ட் மாதிரி, அதுல இருக்கிற ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளெயின் டாப் சேரும்.

இப்போ புடவைக்கு வரேன், இதுலதான் உண்மையான லாபம் இருக்கு. புடவைக்கு சைஸ் கிடையாது, அஞ்சரை மீட்டர், எடை கூடினாலும் குறைஞ்சாலும் அதே புடவைதான், அம்மா கட்டினதை நாம கட்டலாம், நம்மளோடதை தங்கச்சி கட்டலாம். உடம்போட மாறுறது பிளவுஸ் மட்டும்தான், ஆனா நாமதான் ஒவ்வொரு புடவைக்கும் ஒரு பிளவுஸ்னு தைச்சு வச்சு, ரெண்டு வருஷத்துல டைட் ஆகி, பிளவுஸ் சேரலன்னு புடவையையே மூலைல போடறோம். லைனிங் வச்சு தைக்க டெய்லர் கேக்கற கூலி சில சமயம் காட்டன் புடவை விலையையே தொட்டுடுது, யோசிச்சுப் பாருங்க.

பழைய காஞ்சிபுரம் பட்டு எடுத்துப் பாருங்க. கோர்வைன்னு சொல்வாங்க, உடல் ஒரு கலர், கரை நேர் எதிரான வேற கலர், ரெண்டுக்கும் தனித்தனி ஊடை நூல் ஓட்டி, நெய்யும்போதே ஒண்ணோட ஒண்ணு கோத்திருப்பாங்க. மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, பாசிப்பச்சைக்கு அரக்கு, மயில்கழுத்துக்கு அரக்கு. பாட்டிமார் கரை கலர்லதான் ரவிக்கை போட்டாங்க, அதனால ஒரே அரக்கு ரவிக்கை மூணு நாலு புடவைக்கு ஓடிச்சு, பார்க்கவும் அவ்வளவு எடுப்பா இருக்கும். உடல் கலர்லயே பிளவுஸ் போட்டா தலைல இருந்து கால் வரைக்கும் ஒரே நிறமா மொழுக்குன்னு இருக்கும், கரையோட அழகே அடங்கிடும், இது என் கருத்து, ஆனா ஒரு தடவை போட்டுப் பாருங்க உங்களுக்கே தெரியும். அதை விட கங்கா ஜமுனா பார்டர்னு ஒண்ணு இருக்கு, மேல் கரை ஒரு கலர் கீழ் கரை ஒரு கலர், அந்த ஒரு புடவைக்கு ரெண்டு பிளவுஸ் மாத்தி மாத்தி போடலாம், போட்டோல வேற புடவை மாதிரியே தெரியும். புதுசா ஒரே ஒரு பட்டு வாங்கப் போறீங்கன்னா அதைக் கேட்டு வாங்குங்க.

அதனால என் கணக்குல பிளவுஸ் அஞ்சு: அரக்கு ஒண்ணு, பாட்டில் கிரீன் ஒண்ணு, கருப்பு காட்டன் ஒண்ணு, கலம்காரி ஒண்ணு, ஜரிகைக் கலர்ல மினுக்கற டிஷ்யூ துணில ஒண்ணு. அந்த டிஷ்யூ பிளவுஸ் அநேகமா எந்தப் பட்டுக்கும் போகும், ஏன்னா பெரும்பாலான பட்டுல ஜரிகை இருக்கு. கருப்பும் கலம்காரியும் காட்டன் புடவைங்களுக்கு. இன்ஸ்கர்ட் மெரூன், கருப்பு, சந்தனம் மூணே போதும், காட்டன் புடவை கெட்டியா இருக்கும் உள்ள என்ன கலர்னு யாருக்கும் தெரியாது, மெல்லிசு ஷிஃபான் மாதிரி இருந்தாதான் அதே ஷேடு தேடணும். நான் ஷிஃபான் வாங்குறதை விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

டெய்லர்கிட்ட ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லுங்க. ஒண்ணு, பக்கவாட்டுல துணி விட்டு உள்ள ரெண்டு மூணு தையல் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க, உடம்பு போட்டா ஒரு தையலைப் பிரிச்சு விட்டுக்கலாம், பிளவுஸோட ஆயுசு அதுல அப்படியே நீளும். இன்னொண்ணு, துணியையும் லைனிங்கையும் நனைச்சுக் காயவச்ச பிறகு வெட்டணும். காட்டன் லைனிங்கை நனைக்காம தைச்சா முதல் துவையல்லயே உள்ள சுருங்கி வெளித்துணி கொசகொசன்னு நிக்கும், அவசரத்துல தைச்சுத் தர்ற கடைங்கள்ல இதுதான் நடக்குது.

காட்டன் புடவைல என்ன வாங்கலாம்னா எனக்கு மதுரை சுங்குடி பிடிக்கும், லேசா இருக்கும், கட்டுறதும் சுலபம், புவிசார் குறியீடு வாங்கினது, ஆபீஸுக்கும் போகும் கோவிலுக்கும் போகும். முதல் சில துவையல் தனியா அலசுங்க, சாயம் கொஞ்சம் இறங்கும். செட்டிநாட்டுக் கண்டாங்கி கெட்டி ரகம், அகலக் கரை, கட்டம் போட்டது, வருஷக்கணக்கா உழைக்கும், ஆனா முதல்ல கொஞ்சம் முரட்டுத்தனமா விறைச்சு நிக்கும், துவைக்கத் துவைக்கத்தான் மெதுவாகும், அந்தப் பொறுமை இருந்தா வாங்குங்க. சாதம் வடிச்ச கஞ்சில லேசா தண்ணி கலந்து முக்கி நிழல்ல காயப் போட்டா இஸ்திரி போட்டதும் புதுசு மாதிரி நிக்கும், அதிகமா கஞ்சி போட்டு மடிச்சு மாசக்கணக்கா வைக்காதீங்க, மடிப்புல பூச்சி வரும் இல்லன்னா கிழியும். பட்டு மூணு நாலு இருந்தா போதும், பழைய வேட்டித் துணில சுத்தி வைங்க, சில மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாத்துங்க, ஒரே மடிப்புலயே கிடந்தா ஜரிகை ஒடியும். அந்துருண்டை ஜரிகை மேல படவே கூடாது.

மொத்தம் எத்தனை துணி வேணும்னு நிறைய பேர் நம்பர் கேக்கறாங்க, 33, 40னு இணையத்துல சொல்றதையெல்லாம் விடுங்க, நீங்க துணி காயப் போடற கொடியைப் பாருங்க. நீங்க எத்தனை நாளைக்கு ஒரு தடவை துவைக்கிறீங்க, துணி காய எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதுதான் கணக்கு. சித்திரைல காலைல போட்டா மத்தியானம் எடுத்துடலாம். ஐப்பசி கார்த்திகைல அடைமழைல ரெண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது, பிஜில ஃபேனுக்கு அடியில நாலு பேர் துணி தொங்கும். அதனால வெயில் காலக் கணக்குக்கு மேல ரெண்டு மூணு டாப் சேர்த்து வைங்க, அதுல ஒண்ணு ரெண்டு சீக்கிரம் காயற மெல்லிசு காட்டனா இருக்கட்டும். ரேயான் விலை கம்மி, உடம்புல நல்லா விழும், ஆனா ஈரமா இருக்கும்போது அந்த நூலுக்கு பலம் குறைவு, முறுக்கிப் பிழிஞ்சீங்கன்னா சீக்கிரம் போயிடும், முதல் துவையல்ல சுருங்கவும் செய்யும், ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. லினன் அழகுதான், ஆனா தினமும் இஸ்திரி போட நேரம் இருக்கறவங்களுக்கு.

இதெல்லாம் செஞ்சாலும் பீரோ மறுபடி ரொம்பும், ஏன்னா நம்ம ஊர்ல துணி தானா வீட்டுக்கு வரும். கொலுவுக்குப் போனா தாம்பூலத்துல பிளவுஸ் பிட், வளைகாப்புக்குப் போனா பிளவுஸ் பிட், கிரகப்பிரவேசத்துக்கு வச்சுக் கொடுத்த புடவை. அதை எல்லாம் தைச்சுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு எந்த அஞ்சு கலர்னு தெரிஞ்சதனால அதுல வர்ற பிட்டை மட்டும் எடுத்து வைக்கிறேன், மத்ததை அடுத்த வீட்டுத் தாம்பூலத்துக்கு, இல்லன்னா தையல் கத்துக்கற பொண்ணுங்களுக்குக் கொடுத்துடறேன், அவங்களுக்கு வெட்டிப் பழக துணி தேவைப்படும். அன்பா கொடுத்த புடவையை ஒரு தடவை கட்டி கொடுத்தவங்களுக்கு போட்டோ அனுப்பிட்டு அப்புறம் கட்ட ஆசைப்படறவங்களுக்குக் கொடுங்க, கட்டாம பீரோல புழுங்க விடறதை விட அதுதான் மரியாதை.

"போன கல்யாணத்துக்கும் இதைத்தானே கட்டியிருந்தே"ன்னு கேக்கற அத்தை எல்லாக் குடும்பத்துலயும் உண்டு. "ஆமா அத்தை, எனக்கு ரொம்பப் பிடிச்ச புடவை"ன்னு சிரிச்சுட்டே சொல்லுங்க. இந்த ஒரு கேள்விக்கு பயந்துதான் எத்தனையோ பொண்ணுங்க முதல் சம்பளத்துலயே கடன் அட்டை தேய்க்கறாங்க, எனக்கு அதைப் பார்க்க உண்மையிலேயே கஷ்டமா இருக்கு.

இப்போ நீங்க என்ன பண்ணணும்னா, உடனே எதையும் தூக்கிப் போடாதீங்க, வாங்கவும் வேண்டாம். இருக்கற சுடிதார் செட் எல்லாத்தையும் பிரிச்சு டாப் ஒரு பக்கம் பேண்ட் ஒரு பக்கம் ஷால் ஒரு பக்கம் அடுக்குங்க, அதுலயே உங்களுக்கு புது ஜோடி நிறைய கிடைக்கும். ஒரு மாசம் அப்படிப் போட்டுட்டு எந்த பாட்டம் இல்லாம தடுமாறினீங்கன்னு பாருங்க, அதை மட்டும் வாங்குங்க. பிளவுஸ்ல அரக்கை முதல்ல தைங்க. புடவைக்கு ஆடித் தள்ளுபடி கூட்டத்துல தி.நகர் ரங்கநாதன் தெருவுல போய் இடிபட வேண்டாம், அந்த நெரிசல்ல துணியைத் தொட்டுப் பார்த்து நிதானமா எடுக்கவே முடியாது. எழும்பூர் பாந்தியன் ரோட்ல கோ-ஆப்டெக்ஸ் இருக்கு, 1935ல ஆரம்பிச்ச நெசவாளர் கூட்டுறவு சங்கம், தீபாவளி சமயத்துல 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பாங்க, சுங்குடி, கண்டாங்கி, பட்டு எல்லாம் ஒரே இடத்துல விரிச்சுப் பார்க்கலாம். போகும்போது அந்த அரக்கு பிளவுஸைப் பைல எடுத்துட்டுப் போங்க, அதோட சேராத புடவையை எவ்வளவு அழகா இருந்தாலும் பில் போடாதீங்க.