வங்கி மறுத்துவிட்டால் தனிநபர் கடனை உள்ளூரில் யாரிடம் கேட்கலாம்?

சம்பளச் சீட்டு இல்லை, கடன் மதிப்பெண்ணும் (சிபில் ஸ்கோர்) குறைவு, வங்கி கைவிரித்துவிட்டது, இனி எங்கே போவது என்பதுதானே கேள்வி? முதலில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் விசாரியுங்கள். உறுப்பினர்கள் போட்ட சேமிப்பை உறுப்பினர்களுக்கே கடனாகத் தருவதுதான் அதன் வேலை என்பதால், பங்குத்தொகை கட்டிச் சேர்ந்து சில மாதம் ஒழுங்காகச் சேமித்துக் காட்டினால், மதிப்பெண்ணை விட அந்தப் பழக்கத்தைப் பார்த்துக் கொடுக்கும் சங்கங்கள் உண்டு. சேர்ந்த அன்றே கடன் கிடைப்பது அரிது, அதனால் அவசரம் வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். சின்னத் தொகைதான் வேண்டுமென்றால் சுயஉதவிக் குழுவே போதும்.

சரி, வட்டிக்கு வருவோம், ஏமாறுவது இங்கேதான். ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கு (அதாவது மீதமுள்ள அசலுக்கு மட்டும்) வட்டியா என்று கேளுங்கள். ஃபிளாட் 12% என்றால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் வட்டி போடுவார்கள், ஆக ஒரு வருடக் கடனில் உண்மையான வட்டி 21%-ஐத் தாண்டிவிடும் (தானாக இதைச் சொல்லாதவர்களும் உண்டு). செயலாக்கக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம், ஜாமீன் போடுபவரின் பொறுப்பு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலோ, கடன் தரும் முன்பே தனியாகப் பணம் அனுப்பச் சொன்னாலோ, எழுந்து வந்துவிடுங்கள்.