டிசைனை விட்டுட்டு பைத்தான் படிக்கட்டுமா அக்கா?

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில குழந்தைங்க துணிக்கு பிரிண்ட் டிசைன் பண்றேன். போன மாசம் மொதலாளி பையன் ஏஐல ஒரே மத்தியானத்துல 40 டிசைன் எடுத்து குரூப்ல போட்டுட்டு, இனி டிசைனர் எதுக்குங்கக்கான்னு என்னைப் பாத்தே சிரிச்சான். வெளையாட்டாத்தான் சொன்னான், ஆனா எனக்கு தூக்கம் போச்சு. எங்க மாமா பையன் கோயமுத்தூர்ல ஐடில இருக்கான், இதெல்லாம் விட்டுட்டு பைத்தான்னு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதற கோர்ஸ்ல சேரு, 60 ஆயிரம்தான் ஆகும்ங்கறான். நல்லா கலர் சேக்கத் தெரியும், அது மட்டும்தான் என்ற கைல இருக்கு. அதையே நம்பி இருக்கறதா, டெக்னிக்கலா மாறிக்கறதா? ஏஐ யூஸ் பண்ணுனா அத வெளிய சொல்லலாமா? (பேர் வேண்டாம்)

பதில்: அம்மிணி, அந்தப் பையன் சொன்னதுல பாதி நெசம், அத மொதல்ல ஒத்துக்குவோம். நெட்ல நாலு படத்த எடுத்து யானைய இந்தப்பக்கம் திருப்பி முயல அந்தப்பக்கம் ஒட்டி கலர மாத்தி புது டிசைன்னு அனுப்பற வேலை இருக்கு பாரு, அது போயிரும், போகட்டும், அதுல யாருக்கும் பெருமை இருந்ததில்ல. ஆனா ரசனையா டெக்னிக்கலான்னு நீ ரெண்டா பிரிச்சுக் கேக்கறயே, அதுதான் எனக்கு ஒத்துக்கல.

அந்த 40ல ஒண்ண எடு. காட்டுக்குள்ள யானைக்குட்டி, வாட்டர்கலர்ல, போன்ல பாக்க அம்புட்டு அழகுன்னு வெச்சுக்க. இந்த ஏஐல பலதும் சாதாரணமா 1024 பிக்சல் அளவுல படம் தரும், பிரிண்டுக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி வேணும்னா அது 9 சென்டிமீட்டர் கூட வராது. துணியில சுத்திச் சுத்தி அச்சடிக்கற உருளை இருக்கே, ரோட்டரி ஸ்கிரீன், அதோட சுத்தளவு பொதுவா 64 சென்டிமீட்டர், அதுக்கு ஏழாயிரத்து ஐநூறு பிக்சலுக்கு மேல வேணும். இழுத்துப் பெருசாக்கினா யானையோட கண்ணு கரி அப்புனாட்ட ஆயிரும். சரி அத எப்படியோ சரி பண்ணிட்டாங்கன்னே வெச்சுக்குவோம், அடுத்தது ரிபீட், அதே படம் துணி முழுக்க திரும்பத் திரும்ப வர்றது. ஒரு படமா பாக்கறப்ப தெரியாது, மூணுக்கு மூணா அடுக்கிப் பாரு, அடர்த்தியான எலை எல்லாம் ஒரே கோட்டுல வந்து துணி முழுக்க பட்டை பட்டையா ஓடும். எங்கியோ இடிக்குதுன்னு உன்ற கண்ணு உடனே சொல்லிரும். ஆனா பாதி எறக்கி அடுக்கற ஹாஃப் டிராப்ல போடணும், இல்ல அந்த ஒரு எலைய மட்டும் நகத்தணும்னு தெரியறது வேலை தெரிஞ்சவளுக்குத்தான். சொல்லு இது ரசனையா டெக்னிக்கலா?

இன்னும் இருக்கு. எல்லா யானையும் தலை மேல கால் கீழன்னு ஒரே பக்கம் பாத்து நிக்குது, அப்ப அது ஒன்வே பிரிண்ட், மார்க்கர் போடறப்ப, அதாவது வெட்டறதுக்கு பீஸ துணியில அடுக்கிப் பாக்கறப்ப, எல்லாப் பீஸையும் ஒரே தெசையில வெச்சாகணும், நடுவுல திருப்பிப் போட்டு அடைக்க முடியாது, துணி கூட போகும், காஸ்டிங்ல வந்து உக்காரும். அதையே நாலாபக்கமும் தெளிச்சு விட்டாப்பல போட்டீன்னா கட்டிங் மாஸ்டர் உன்னைய கும்புடுவாரு. அப்பறம் அளவு, பொறந்த கொழந்தை சட்டையோட முன்பக்கம் எத்தன அகலம் இருக்கும்னு உனக்கே தெரியும், அதுல ஒரு யானை 15 சென்டிமீட்டர் இருந்தா தும்பிக்கை ஒரு பக்கத் தையல்லயும் வாலு இன்னொரு பக்கத் தையல்லயும் போயி நடுவுல வெறும் வயிறுதான் மிஞ்சும். சரக்கு வாங்கற பையர் சேம்பிளப் பாத்துட்டு இது என்ன சாம்பல் கலர் மேகமான்னு கேப்பாங்க.

இதுலயெல்லாம் பெரிய கூத்து கலர்லதான். ரோட்டரியாகட்டும் டேபிள் மேல துணிய விரிச்சு அடிக்கறதாகட்டும் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் தனியா காசு. ஏஐ படத்துல கலர் எண்ண முடியாத அளவுக்கு ஒண்ணுல ஒண்ணு கரைஞ்சு கெடக்கும், அத ஆறு கலராக் கொறைன்னு சொல்லுவாங்க. சாஃப்ட்வேர்ல பட்டன் இருக்கு, அமுக்குனா ஆறாத்தான் ஆக்கும், ஆனா எந்த ஆறுங்கறதுலதான் டிசைனே செத்துப்போகும். எதை விடலாம், எந்தப் பச்சையே எலைக்கும் நெழலுக்கும் சேத்து ஒழைக்கும், எந்த எடத்துல வெறும் துணியவே ஒரு கலரா எண்ணிக்கலாம், இதெல்லாம் ஒக்காந்து முடிவு பண்றவங்க கொஞ்சப் பேருதான் இருக்காங்க. நல்லா கலர் சேக்கத் தெரியும்னு எழுதியிருக்கயே, அதுக்கு வேலை இருக்கற எடம் இதுதான், படத்த ஸ்கிரீனுக்கு ஒரு கலரா பிரிக்கற செப்பரேஷன். அத வெளிய குடுத்துட்டு வந்ததப் பாத்துட்டு மட்டும் இருந்தீன்னா இப்பவே கையில எடு. டிஜிட்டல்ல அடிச்சா ஸ்கிரீனே வேண்டாமேன்னு அந்தப் பையன் கேப்பான், கேக்கட்டும், சின்ன ஆர்டருக்கு அது சரிதான், பெரிய ஆர்டருக்கு மீட்டர் ரேட்ட அவனே போட்டுப் பாக்கட்டும்.

ஸ்கிரீன்ல மின்னற கலரும் துணியில வர்ற கலரும் வேறங்கறது உனக்கு தெரிஞ்ச கதைதான். ஆனா கலர் ஒப்பிட்டுப் பாக்கற லைட் பாக்ஸ்ல, பகல் வெளிச்சமாட்ட இருக்கற டி65ல ஒத்துப்போற ஷேடு, கடை லைட்டு டிஎல்84ல போட்டா வேறயா தெரியறது இருக்கு பாரு, அத நீ பக்கத்துல நின்னு பாத்திருக்கயா? மொத சேம்பிளா அடிச்சுப் பாக்கற ஸ்ட்ரைக் ஆஃப் வர்றப்ப டேபிளுக்கு வர்ற வரைக்கும் காத்திருக்காம பிரிண்டிங் பட்டறைக்கே போ. பையர்கிட்ட பேசி ஆர்டரப் பாத்துக்கற மெர்ச்சன்டைசர்கிட்ட சொல்லிட்டு அவங்க போறப்ப ஒட்டுக்காப் போயிரு, தனியாப் போனா ஆயிரம் கேள்வி வரும். மாஸ்டர் கலரு கலக்கறப்ப பொட்டாட்ட நின்னு பாரு, அவரு ஒரு சொட்டு நீலம் எதுக்கு சேத்தாருன்னு கேளு, எந்த கோர்ஸ்லயும் அது கெடைக்காது.

ஈரோடு மண்டில மஞ்ச ஏலத்துக்கு வர்ற வியாபாரி கெழங்க ஒடச்சு உள்ள கலரப் பாத்துட்டு இன்ன காரணத்துனால இன்ன வெலைன்னு சொல்லுவாரு, சும்மா நல்லால்லன்னு சொன்னா அவரு பேச்ச யாரு கேப்பா. நீயும் அப்படித்தான் பேசப் பழகணும். அந்த 40 டிசைனையும் பிரிண்ட் எடுத்து வெச்சு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ரெண்டு வரி எழுது, இது ஏன் ஓடாது, இத எப்படி ஓட வெக்கலாம்னு. ஒரு அஞ்சாறு தேறும், தேறுனத நீயே சரி பண்ணி மொதலாளி டேபிள்ல வை, பையன் டேபிள்ல வேண்டாம், அவன்கிட்ட சண்டையும் வேண்டாம், 40 எடுத்துக் குடுத்த வரைக்கும் உனக்கு வேலை மிச்சம்.

மாமா பையன் பேச்சுக்கு வர்றேன். பைத்தான் கெட்டதில்ல. படத்த மூணுக்கு மூணா அடுக்கிக் காட்டறதுக்கும், எத்தன கலர் இருக்குன்னு எண்ணறதுக்கும் சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் போதும், அத ஏஐகிட்டயே கேட்டா எழுதிக் குடுக்கும், 60 ஆயிரம் வேண்டாம். ஆனா உன்ற வேலைய விட்டுட்டு அங்க போனா நீ மொதப் படியில நிக்கற ஆளு, அந்த மொதப் படி வேலையையும் இதே ஏஐதான் திங்குது, அத அவன் சொல்லியிருக்க மாட்டான். அவன்கிட்ட இன்னொண்ணும் சொல்லு, ஓட்டை போட்ட அட்டைய வெச்சு தறிக்கு உத்தரவு குடுக்கறத 1804லயே பிரான்ஸ்ல ஜக்கார்டுன்னு ஒருத்தரு கொண்டு வந்துட்டாரு, கம்ப்யூட்டருக்கு ஆரம்பம் போட்ட பாபேஜ் அந்த அட்டை யோசனைய அங்கிருந்துதான் எடுத்தாரு, துணி டிசைனும் டெக்னிக்கலும் அப்பவே ஒண்ணாத்தான் இருந்துச்சு. மேட்டுப்பாளையம் பக்கத்துல சிறுமுகைல சேலை டிசைன் பண்றவங்களப் போயி பாரு, கிராஃப்ல ஒரு கட்டம்னா நெடுக்க ஓடற பாவும் குறுக்க ஓடற ஊடையும் ஒரு தடவ சந்திக்கற எடம், பூவு எவ்வளவு அழகா இருந்தாலும் சரிகை பின்பக்கம் நீளமா மெதந்து போச்சுன்னா கட்டுறவங்க மெட்டியில மாட்டி இழுக்கும், அதனால பூவுக்கு நடுவுல ஒரு கட்டு போடுவாங்க, பாக்கறவங்க அதையும் பூவோட நரம்புன்னு நெனச்சுக்குவாங்க. நெம்பக் கெட்டிக்காரத்தனம், எனக்கு அது எப்பப் பாத்தாலும் சந்தோசமா இருக்கும்.

ஏஐ யூஸ் பண்ணுனத சொல்லலாமான்னா, சொல்லிரு. மெர்ச்சன்டைசருக்கு தெரிஞ்சே ஆகணும், பையர் கேட்டா அவங்கதான பதில் சொல்லணும். அமெரிக்காவுல 2023ல ஒரு காமிக்ஸ் புத்தகத்துக்கு காப்பிரைட் ஆபீஸ் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் உரிமை குடுத்துட்டு, ஏஐ போட்ட படங்களுக்கு மட்டும் கெடையாதுன்னு சொல்லிருச்சு. அந்த ஊருல இருந்து சரக்கு வாங்கறவங்க இதக் கேக்கலாம். நீ எதை வரைஞ்ச, எதை மாத்துன, எதை ஏஐ குடுத்ததுங்கறதுக்கு லேயர் லேயரா ஃபைல் வெச்சுக்க, பழைய ஃபைல அழிக்காத.

கோர்ஸுக்கு பணம் இன்னும் கட்டலைன்னா கட்டாத, கட்டிட்டீன்னா திருப்பிக் கேட்டுப் பாரு, தரலைன்னா போயித் தொலையுது படிச்சுட்டு வா, வேலைய மட்டும் விட்டுராத. மொதலாளிகிட்ட அந்த அஞ்சாறு டிசைன எடுத்துட்டுப் போறப்ப சனிக்கெழமை மட்டும் போகாத, சம்பளம் போடற நாளு, அன்னைக்கு யாரு காதுலயும் எதுவும் ஏறாது.