துணிக்குக் காவல் இருந்த மூன்று பேர்

கேள்வி: வெளிநாட்டில் கோடைக்காலப் படிப்புக்குப் போகிறவர்கள் இரண்டே வாரத்தில் நெருங்கிய நண்பர்களாகிவிடுகிறார்களாமே, உண்மையா?

எனக்கு நடந்தது. எனக்கு நீச்சல் தெரியாததுதான் காரணம்.

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஐ.சி.டி.பி. என்று ஓர் இயற்பியல் மையம் இருக்கிறது. பாகிஸ்தானின் அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கியது. வளரும் நாடுகளிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். முனைவர் பட்ட இரண்டாம் ஆண்டில் அங்கே ஒரு கோடைப் பள்ளிக்கு எனக்கு இடம் கிடைத்தது. முதல் மூன்று நாள் இந்தியர்களுக்கு ஒரு மேஜை, லத்தீன் அமெரிக்கர்களுக்கு ஒரு மேஜை. கழுத்தில் தொங்கும் பெயரட்டையைப் படித்துவிட்டு, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

நான்காம் நாள் வகுப்பு முடிந்ததும் 6-ஆம் எண் பஸ் ஏறி பார்கோலா போனோம். மெரினா மாதிரி மணல் கிடையாது. சாலையோர நடைபாதையிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு அரைவட்ட மேடைகள், ஜோடி ஜோடியாக. மேலிருந்து பார்த்தால் மிக்கி மவுஸின் காதுதான். மிக்கிக்கு இத்தாலியனில் டோபோலினோ, மேடைகளுக்கு டோபோலினி.

எல்லாரும் குதித்தார்கள். அலையில் கால் நனைத்ததோடு கடலை முடித்துக்கொண்ட சென்னைக்காரன் நான், துணிமணியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். திரும்பினால், அதே சாக்கோடு இன்னும் இரண்டு பேர்: கானாப் பெண் ஒருத்தி, நேபாளத்துக்காரர் ஒருவர். அவர் கடலைப் பார்ப்பதே அன்றுதான். படியிறங்கி ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "நிஜமாகவே உப்புதான்" என்றார், ஆய்வக முடிவை அறிவிக்கிற முகத்தோடு. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அதன்பின் தினமும் காவல் எங்களுடையது. செருப்பும் செல்போனும் குவிந்து கிடக்க, நடுவில் உட்கார்ந்து மறுநாள் கணக்குகளைப் போடுவோம். ஜூலையில் இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும். நீந்திவிட்டு ஏறுகிறவர்கள், "மூன்றாவதை எப்படிப் போட்டீர்கள்?" என்று தலை சொட்டச் சொட்ட எட்டிப் பார்ப்பார்கள். அந்த நோட்டில் பாதிப் பக்கங்கள் இன்னும் உப்பு ஏறி மொறமொறவென்று இருக்கின்றன. சாப்பாட்டு மேஜைகள் எந்த நாளில் கலந்தன என்று நினைவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு அர்ஜென்டினாப் பையன் எங்களைத் தண்ணீரில் இறக்கினான். காது முழுகும்வரை தலையைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். கானாக்காரி அன்றே மிதந்தாள். நேபாளத்துக்காரர் மறுநாள். நான் கடைசிவரை கைப்பிடிக் கம்பியை விடவில்லை.

மூன்று பேரில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் இப்போது பதினொரு பேர். நீச்சல் தெரிந்தவர்களை யோசித்துத்தான் சேர்த்தோம்.